புது டிஸ்க், பழைய நடுக்கம்

ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முக்கால் டாங்க் பெட்ரோலோடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஏறி, மணிக்கு 110ல் சீராகப் போன வண்டி. ஆயர் ஈத்தாம் பக்கம் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைக்க, நானும் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையில் நடுங்கியது. மனைவி முதலில் என் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். "இதைத்தானே மார்ச்ல அப்பாவும் நீங்களும் சேர்ந்து சரி பண்ணீங்க?"

இதையேதான். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகளான டிஸ்க்குகளை முன்பக்கம் இரண்டையும் வீட்டிலேயே மாற்றி, 4,000 கிலோமீட்டர்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை.

திரும்பி வந்து கழற்றிப் பார்த்தபோது வலப்பக்க டிஸ்க் நன்றாக இருந்தது, இடப்பக்கம் கெட்டிருந்தது. ஒரே வண்டி, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி, ஒரே ஓட்டுநர், ஒரே சாலை. வேண்டுமென்று திட்டமிட்டாலும் இப்படி ஓர் ஒப்பீடு அமையாது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

வண்டி 2010ல் பதிவான டொயோட்டா. 2020ல் வாகன உரிமைச் சான்றிதழை இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டோம். பத்து வயதைத் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும்; எங்களுக்கு அது ஏப்ரலில் வரும். 2023 பிப்ரவரியிலேயே, சிலேத்தார் விரைவுச்சாலையில் 90ல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்துவிட்டது. நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம் என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது சந்தேகமில்லாமல் முன்பக்கம்.

சக்கரத்தின் இடைவெளியில் விரலை விட்டு டிஸ்க்கைத் தடவினேன். ஓரத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு நகத்தில் இடறியது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேட் உரசும் பகுதி தேய்ந்து இறங்கி, உரசாத ஓரம் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். புதிதில் 22 மி.மீ இருந்த டிஸ்க், மைக்ரோமீட்டரில் 19.2 காட்டியது. 19க்குக் கீழே போகக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது. கடைந்து சமப்படுத்த அதில் சதை இல்லை. மாற்ற வேண்டியதுதான், இரண்டு பக்கமும் சேர்த்து, பேட்டோடு.

எங்கே வைத்து மாற்றுவது? நாங்கள் இருப்பது ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு. பலமாடிக் கார்நிறுத்தத்தில் வண்டியைப் பிரித்துப் போட விதி இடம் தராது. தந்தாலும் நான் செய்யமாட்டேன். அடுத்தவர் ரிவர்ஸ் எடுக்கிற பாதையில் காலை நீட்டி உட்கார்ந்து பிரேக் வேலை பார்ப்பது பைத்தியக்காரத்தனம். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையில் விட்டால் அரை நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் செம்பவாங்கில் மாமனாருக்குத் தரைவீடு இருக்கிறது, அதன் முன்னால் கூரை போட்ட கார் நிறுத்தும் இடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மாமனார் இருக்கிறார். 1975லிருந்து கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வரிசையில் அடுக்கி வைக்கிற மனிதர். அவரிடம் சொல்லாமல் பட்டறையில் விட்டேன் என்று தெரிந்தால் ஒரு மாதத்துக்கு என்னோடு பேச்சு இருக்காது.

மார்ச்: தரையில் தொடங்கிய பாடம்

பிரேக் வேலை என்றால் எதையாவது தப்பாகப் பூட்டிவிடுவோமோ என்றுதான் எல்லாருக்கும் பயம். எனக்கும் அதே பயம்தான். மாமாவோ வந்ததும் வராததுமாகத் தரையைப் பார்த்தார்.

மழைத்தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக அந்த இடம் கேட்டை நோக்கிச் சரிவாக இருக்கும். போதாததற்கு வழுவழு ஓடு. வண்டியின் முகம் வீட்டைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குப் பின்னால், இறக்கத்துப் பக்கம், கட்டை வைத்தோம். முன்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பின் டிஸ்க்கை மாற்றுவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அப்போது முன் சக்கரத்துக் கட்டைகளைத் தவிர வேறு பிடி கிடையாது. பட்டனை அழுத்தினால் வேலை செய்யும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் பேட்டைத் தள்ளும் பின் பிஸ்டனைக் கையால் பின்னுக்குத் தள்ளவே கூடாது, முதலில் அதைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதை வீட்டில் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தினேன். வலப்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டைக் கொடுத்து இறக்கினேன். ஸ்டாண்டின் ஒரு கால் ஓட்டின் மேல் கிரீச்சென்று ஒரு விரற்கடை நகர்ந்தது. அதற்குள் நான் நட்டில் கை வைத்திருந்தேன்.

"கைய எடுங்க மாப்பிள்ளை."

குரலை உயர்த்தவில்லை. மறுபடி தூக்கி, ஸ்டாண்டை வெளியே எடுத்து, பழைய அலமாரியிலிருந்து கழற்றி வைத்திருந்த தடித்த பிளைவுட் பலகையை அடியில் போட்டு, திரும்ப இறக்கினோம். பிறகு அவர் பானெட் ஓரம் நின்று இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார், பக்கவாட்டில் ஒரு முறை, முன்பின்னாக ஒரு முறை. ஏன் இப்போதே என்று கேட்டேன். இப்போது சரிந்தால் வண்டி சக்கரத்தின் மேல் விழும், கழற்றிய பிறகு சரிந்தால் உங்கள் மேல் விழும் என்றார். கழற்றிய சக்கரத்தையும் சுவரில் சாய்க்க விடவில்லை. வண்டியின் பக்கவாட்டுக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்டு கைவிட்டாலும் அந்த ரப்பரும் இரும்பும் இடையில் இருக்கும். "ஜாக்கு தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்ல."

மற்றது பழகிய வேலை. பேட்டுகளை அழுத்தும் பிடியான காலிப்பரின் இரண்டு 14 மி.மீ போல்ட்டுகளைக் கழற்றி, சட்டை மாட்டும் கம்பியை வளைத்து அதை மேலே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். சோம்பல்பட்டுப் பிரேக் ஹோஸிலேயே தொங்கவிட்டால் உள்ளுக்குள் பழுதாகும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்து காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் 17 மி.மீ போல்ட்டுகள். அதோடு டிஸ்க் கையோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில், டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்போடு துருவால் ஒன்றிப் பிடித்திருந்தது.

நான் சுத்தியலை எடுத்தேன். பழைய டிஸ்க்தானே, போனால் போகட்டும். ஆனால் ஓங்கி அடித்தால் அடியை வாங்குவது டிஸ்க் மட்டுமில்லை, பின்னால் இருக்கும் சக்கர பேரிங்கும்தான். மாமா டிஸ்க்கின் நடுப்பகுதியில் எதிரெதிராக இருந்த இரண்டு சின்னத் துளைகளைக் காட்டினார். இத்தனை வருஷம் நான் அவற்றைச் சும்மா இருக்கிற துளைகள் என்றே நினைத்திருந்தேன். உள்ளே மரை வெட்டியிருந்தது. எம்8 போல்ட்டுகள் இரண்டைச் செலுத்தி, இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினார். போல்ட்டு நுனி ஹப்பை முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும். ஐந்தாவதோ ஆறாவதோ முடுக்கில் டக்கென்று ஒரு சத்தம். ஆறேழு கிலோ வார்ப்பிரும்பு என் கையில் இருந்தது. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்தத் துளைகள் உண்டு.

டிஸ்க் போன இடத்தில் ஹப்பின் முகம் தெரிந்தது. கழுவாமல் போட்டு வைத்த தோசைக்கல்லின் நிறம். மாமா கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் போட்டுக்கொண்டார். பிரேக் தூசியை ஊதிப் பறக்கவிடக்கூடாது, அதனால் முதலில் பிரேக் கிளீனரைத் தெளித்து நனைத்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அப்புறம் உப்புத்தாள். சக்கர நட்டுகள் ஏறும் ஸ்டட்டுகளைச் சுற்றி பிரஷ் போகாத மூலைகளுக்கு உப்புத்தாளைச் சுருட்டி விரலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வட்டமாகத் தடவினார், ஓரிடத்தில் நின்றார், மறுபடி தேய்த்தார். இருபத்தைந்து நிமிடம். டிஸ்க்கைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகவில்லை. நடுவில் நான் இரண்டு முறை கைப்பேசியைப் பார்த்தேன்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதை இரண்டு முகத்திலும் கிளீனரால் கழுவி மாட்டினோம். புது பேட் தடிமன் என்பதால் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் பிரேக் ஆயில் மேலே தொட்டிக்கு ஏறும், வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். மகளுக்கு மருந்து கொடுத்த பழைய சிரிஞ்சால் முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டோம்.

இடப்பக்கம் என் பொறுப்பு. அந்தப் பக்கமும் தூக்கி, பலகை போட்டு, தள்ளிப் பார்த்து, எல்லாம் முறைப்படி. எம்8 போல்ட்டைப் போட்டு நானே டிஸ்க்கைக் கழற்றியதில் கொஞ்சம் பெருமைகூட. மணி ஐந்தரை. வானம் கறுத்து, கேட் பக்கம் சாரல் அடிக்கத் தொடங்கியது. அத்தை டீக்குக் கூப்பிட, மாமா உள்ளே போனார். நான் ஹப்பில் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்துவிட்டு, டிஸ்க்கை மாட்டினேன்.

"ஹப்பை சுத்தம் பண்ணிட்டீங்களா?" உள்ளேயிருந்து குரல்.

"ஆச்சு மாமா."

துடைத்தேன்தானே.

சக்கரங்களை மாட்டி இறக்கியதும், டார்க் ரெஞ்சால் நட்டுகளை எதிரெதிராக 103 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து, தன் வண்டியை உள்ளே விட வேண்டும், இதைக் கொஞ்சம் வெளியே எடுக்கவா என்று சாவி கேட்டார். சாவி காலையிலிருந்தே மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. அவர் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "போய் மிதிங்க" என்றார். எஞ்சின் போடாமல் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். தரை வரைக்கும் போனது. பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் பேட்டைத் தொடும்வரை பிரேக் என்று ஒன்று கிடையாது. இரண்டாவது மிதியில் கொஞ்சம், நான்காவதில் பாதி, ஏழாவதில் கல் மாதிரி நின்றது. மச்சான் அந்தச் சரிவில் ரிவர்ஸ் எடுத்து முதல் மிதியை மிதித்திருந்தால் வண்டி கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். இந்த வேலையில் யாராவது ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பார்கள் என்றால், நான் அந்தச் சட்டைப்பையைச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் செனோக்கோ தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாக இருக்கும். அங்கே 50லிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பத்து முறை பிரேக் பிடித்துப் புது பேட்டையும் டிஸ்க்கையும் பழக்கினேன். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ரெஞ்சால் மீண்டும் சரிபார்த்தேன். ஏப்ரல் சோதனையில் தேறிவிட்டது.

ஜூன்: மரப்பெட்டி

மலாக்காவிலிருந்து திரும்பிய வார இறுதியில் மாமா ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் அதற்குக் காந்த அடியும். மார்ச்சிலேயே எடுக்கலாமா என்று கேட்டவர்தான். கண்ணாலேயே நேராகத் தெரிகிறதே மாமா என்று சொன்னவன் நான்.

டிஸ்க்கை வாஷர் வைத்து நட்டுகளால் இறுக்கிப் பிடித்து, கேஜின் முனையை ஓரத்திலிருந்து 10 மி.மீ உள்ளே வைத்து, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வலப்பக்கம் ஆட்டம் 0.03 மி.மீ. எங்கள் வண்டிக்கு 0.05 வரை போகலாம். இடப்பக்கம் முள் ஏறி இறங்கி 0.11 காட்டியது. பிறகு மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமன். வலப்பக்கம் எட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. இடப்பக்கத்தில் தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் 0.03 வித்தியாசம்.

0.03 மி.மீ ஒரு தாளில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 0.02 வந்தாலே கையில் உணரத் தொடங்கிவிடும் என்பதால் நடுக்கத்துக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று மாதம் ஏன் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

மாமா டிஸ்க்கில் முள் உச்சத்துக்குப் போன இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டுக் கழற்றினார். குறியின் நேர்கோட்டில், ஹப்பின் விளிம்போரம், இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே, எள்ளளவு துருச் சில்லு ஒன்று தட்டையாக நசுங்கி உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கின் முதுகிலும் அதே இடத்தில் ஒரு பளபளப்பான புள்ளி. கத்தி நுனியால் பெயர்த்து மைக்ரோமீட்டரின் வாயில் வைத்தார். 0.05க்குக் கொஞ்சம் கூட, ஒரு தலைமுடி அளவு. ஹப்பின் முகம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, டிஸ்க்கோ சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் 0.05 தூக்கினால் ஓரத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். கேஜ் காட்டிய கணக்கும் அதுதான்.

அப்படிச் சாய்ந்து சுற்றும் டிஸ்க் முதல் நாளில் நடுங்காது. காலிப்பர் தன் பின்களில் வழுக்கி நகரக்கூடியது. டிஸ்க் ஆடினால் அதுவும் கூடவே ஆடிக்கொள்ளும். தடிமன் சீராக இருக்கும்வரை பெடலுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காமல் சும்மா ஓடும்போது, துருத்திய பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 சுற்று, 4,000 கிலோமீட்டருக்கு இருபது லட்சம் தொடுதல். தொட்ட இடம் மட்டும் மெலிந்துகொண்டே வரும். மெலிந்த பிறகு, பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிடி தளர்ந்து இறுகும். 90ல் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கும் மேல். செனோக்கோவில் வெண்ணெயாக நின்றது ஏன் என்பதும், ஏப்ரல் சோதனையில் தேறியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சோதனையில் மெதுவாகச் சுழலும் உருளையில் பிரேக்கின் வலுவை அளக்கிறார்கள். வலுவில் எனக்கு என்றைக்கும் குறை இல்லை.

பட்டறைகளில் இதை "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சூட்டில் தண்ணீர் பட்டு வளைந்தது, மலிவுச் சாமான் அதனால் வளைந்தது என்று ஆளுக்கொரு காரணம் உண்டு. அதை நம்பியிருந்தால் இன்னொரு ஜோடி வாங்கி, அதே ஹப்பின் மேல் மாட்டியிருப்பேன்.

இரண்டாம் முறை

டிஸ்க்குகளைத் தூக்கி எறியவில்லை. தடிமன் இன்னும் 21.8க்கு மேல் இருந்தது. ஒரு கடைசல் பட்டறையில் இரண்டையும் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கினோம். வலப்பக்கத்துக்கு அவசியமில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முகமாக இருக்கட்டும் என்றார் மாமா.

இந்த முறை இடப்பக்க ஹப்பை நாற்பது நிமிடம் தேய்த்தேன். மாமா டீ குடிக்கப் போகவில்லை. தேய்த்து முடித்ததும் செப்பு கிரீஸ் டப்பாவைத் திறந்தேன், இனி துருவே பிடிக்கக்கூடாது என்ற வேகத்தில். அவர் டப்பாவை வாங்கி மூடினார். நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு பூச்சு போதும், முகத்தில் வேண்டாம். அங்கே எதைப் பூசினாலும் அதுவும் ஒரு தடிமன்தான். ஸ்டட்டில் கூடவே கூடாது. 103 என்ற அளவு காய்ந்த மரைக்குச் சொன்னது, கிரீஸ் பட்டால் அதே ரெஞ்சு அளவில் ஸ்டட்டு கூடுதலாக இழுபடும்.

டிஸ்க்கை மாட்டிக் கேஜ் வைத்தால் 0.06. எனக்கு முகம் செத்துவிட்டது. மாமா டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட்டு தள்ளி மாட்டச் சொன்னார். 0.04. இன்னும் ஒன்று தள்ளி மாட்டினால் 0.02. ஹப்பிலும் டிஸ்க்கிலும் இருக்கிற சின்னச் சின்னக் கோணல்கள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோரிடத்தில் கழிக்கும். ஐந்து ஸ்டட்டு என்றால் ஐந்து வாய்ப்பு. கிடைத்த இடத்தில் ஸ்டட்டிலும் டிஸ்க்கிலும் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தோம், அடுத்த முறை கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டுவதற்கு.

டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் மலேசியா. ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. திரும்பி வந்து அளந்ததில் இடப்பக்க ஆட்டம் 0.03, தடிமன் வித்தியாசம் 0.01க்குள். ஸ்டியரிங் அசையவில்லை. மனைவி என் கையைப் பார்க்கவும் இல்லை.

மார்ச்சில் கழற்றிய பழைய டிஸ்க்குகளில் ஒன்றை அத்தை துளசித் தொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். மற்றதைப் பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரர் எடுத்துப் போனார். டயல் கேஜைப் பெட்டியில் திருப்பி வைக்கும்போதுதான் மூடியின் உட்பக்கத்தைக் கவனித்தேன். அந்தத் துருச் சில்லைச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார் மாமா. பக்கத்தில் பேனாவால் சின்னதாக எழுதியிருந்தது: மாப்பிள்ளை, 0.05.